ஆகாய வழியில் எண் சொல்லும் மரபு

ஈப்போ நகருக்கு வடகிழக்கே, மலைத்தொடரின் அடிவாரத்தில் அமைந்த ஊர் தஞ்சோங் ரம்புத்தான். அதற்கு அப்பால் கோர்பு மலை 2,183 மீட்டர் உயரத்தில் நிற்கிறது. அம்மலைக்கும் சுண்ணாம்புக் குன்றுகளுக்கும் இடையே விரிந்த கிந்தா பள்ளத்தாக்கில் ஈப்போ விமான நிலையம் இருக்கிறது. அங்கே இறங்க வரும் பயணிகள் விமானம் ஒவ்வொன்றும் வழியில் ஒரு கட்டுப்பாட்டு நிலையத்திடமிருந்து அடுத்த நிலையத்தின் எண்ணைக் கேட்டுப் பெறுகிறது. அந்த எண்ணை விமானி தம் வானொலிக் கருவியில் பொருத்துகிறார். பொருத்திய பின்னரே கோபுரத்தின் குரல் அவர் செவிக்கு எட்டுகிறது. ஓர் இலக்கம் பிறழ்ந்தாலும் அவருக்குக் கிடைப்பது மௌனம். அல்லது வேறெங்கோ உள்ள வேறொருவரின் பேச்சு.

எண்ணைப் பொருத்தும் கருவி கடந்த நூறு ஆண்டுகளில் பெரிதும் திருந்திவிட்டது. ஆயினும் அந்த எண் இன்றும் பெரும்பாலும் ஒரு வாயிலிருந்து புறப்பட்டு ஒரு செவியில்தான் போய்ச் சேர்கிறது. கையின் பிழை குறையக் குறைய, நாவின் பிழையும் செவியின் பிழையும் முன்னிலும் தெளிவாகப் புலப்பட்டன என்பதே இவ்வரலாறு காட்டும் உண்மை. அதற்குரிய நிகழ்ச்சிகளுள் இரண்டு மலேசிய வானத்தைச் சேர்ந்தவை.

குரல் எட்டாத காலம்

1932ஆம் ஆண்டு அக்டோபர் 15ஆம் நாள் ஜே. ஆர். டி. டாட்டா கராச்சியிலிருந்து பம்பாய்க்கு அஞ்சல் மூட்டைகளை விமானத்தில் கொண்டு சென்றார். பம்பாயிலிருந்து பெல்லாரி வழியாகச் சென்னைக்கு அவற்றைக் கொண்டு சேர்த்தவர் நெவில் வின்சென்ட். தமிழ் நிலத்துக்கு வான்வழி அஞ்சல் வந்த அந்தப் பயணத்தில், ஓட்டிய சிறு விமானத்தில் வானொலிக் கருவி என்று ஒன்றும் இல்லை. ஆற்றையும் இருப்புப்பாதையையும் கண்ணால் கண்டு வழி தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

ஐரோப்பாவில் நிலைமை சிறிது வேறு. இலண்டனுக்கு அருகில் இருந்த கிராய்டன் விமான நிலையத்தில் 1920ஆம் ஆண்டுகளிலேயே விமானிகளோடு வானொலி வழியே பேசும் ஏற்பாடு வந்துவிட்டது. அக்காலத்தில் அலையின் நீளத்தைச் சொல்லியே நிலையத்தைக் குறித்தனர். விமானப் பேச்சுக்குரிய அலை 900 மீட்டர் என்று வழங்கியது. அலை ஒரு விநாடியில் எத்தனை முறை அதிர்கிறது என்று கணக்கிட்டால் அதுவே ஏறத்தாழ 333 கிலோசைக்கிள் ஆகும். மீட்டர் என்ற பெயர் பின்னர் மறைந்து கிலோசைக்கிள் வழக்குக்கு வந்தது. 1960ஆம் ஆண்டில் உலக அளவை மாநாடு ஏற்றுக்கொண்ட ஹெர்ட்ஸ் என்னும் பெயர் இன்று நிலவுகிறது. பொருள் ஒன்றே, பெயர்கள் மூன்று.

கிராய்டனில் பணியாற்றிய வானொலி அதிகாரி மாக்ஃபோர்டு என்பாரே ஆபத்துக் காலத்தில் கூவும் 'மேடே' என்ற சொல்லைத் தந்தவர். எஸ். ஓ. எஸ். என்னும் குறி தந்திக்கு ஏற்றது. ஆனால் எஸ் என்னும் எழுத்தொலி இரைச்சலில் கரைந்துவிடும். கிராய்டனுக்கும் பாரிசுக்கும் இடையே போக்குவரத்து மிகுந்திருந்ததால், 'எனக்கு உதவுக' என்று பொருள்படும் பிரெஞ்சுத் தொடரின் ஒலியை அவர் எடுத்துக்கொண்டார். செவிக்குத் தப்பாத ஒலி, இரு மொழியினருக்கும் எட்டும் ஒலி என்னும் இரண்டு அளவுகோல்களும் அன்றே வந்துவிட்டமை கருதத்தக்கது.

மலாயாவில் வேர்ன்ஸ் நிறுவனம் 1937ஆம் ஆண்டில் சிங்கப்பூர், கோலாலம்பூர், பினாங்கு நகரங்களை இணைத்து விமானம் ஓட்டியது. போருக்குப் பின், 1947ஆம் ஆண்டு மே முதல் நாள் மலாயன் ஏர்வேஸ் தன் ஒழுங்கான சேவையைத் தொடங்கியபோது, சிங்கப்பூரிலிருந்து கோலாலம்பூர், ஈப்போ, பினாங்கு என்று வழி அமைந்தது. ஈயச் சுரங்கமும் ரப்பர்த் தோட்டமும் நிறைந்த கிந்தா பள்ளத்தாக்கு அன்று முதல் அவ்வழியில் ஒரு நிறுத்தமாயிற்று.

திருகாணியிலிருந்து படிகத்துக்கு

பழைய வால்வு வானொலிப் பெட்டியில் இரவு நேரத்தில் இலங்கை வானொலியைத் தேடியவர்களுக்கு ஒன்று நன்கு தெரியும். திருகாணியை மயிரிழை அளவு திருப்பினாலும் நிலையம் நழுவிவிடும். சரியாகப் பொருத்தி வைத்தாலும், பெட்டி சூடேறியதும் அது தானாகவே சற்று விலகிப்போகும். வீட்டுக் கூடத்தில் இது சிறு தொல்லை. மேகத்துக்குள் இறங்கும் விமானத்தில் இது உயிர்க்கேடு.

இக்குறையைத் தீர்த்தது குவார்ட்ஸ் என்னும் படிகக் கல். மெல்லிய தகடாக வெட்டிய படிகம் தன் கனத்துக்கேற்ற ஒரே வேகத்தில் அதிரும் இயல்புடையது. அந்த அதிர்வைக் கொண்டு கருவியை நடத்தினால் அலை நழுவாது. ஆனால் ஒவ்வோர் அலைவரிசைக்கும் ஒரு படிகம் வேண்டும். விமானத்தில் எத்தனை படிகங்கள் இருந்தனவோ அத்தனை அலைவரிசைகளில் மட்டுமே பேச முடிந்தது. இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் போர் விமானங்களில் இருந்த வி. எச். எஃப். கருவிக்கு நான்கே அலைவரிசைகள்; ஏ, பி, சி, டி என நான்கு பொத்தான்கள். அங்கே எண்ணைச் சொல்ல வேண்டிய தேவையே எழவில்லை. 'பி' என்று சொன்னால் போதும். விரல் பொத்தானை அழுத்தும்.

போர் முடிந்து பயணிகள் விமானங்கள் பெருகியபோது நான்கு போதவில்லை. 1947இல் 118 முதல் 132 மெகாஹெர்ட்ஸ் வரையிலான பகுதி விமானப் பேச்சுக்கு ஒதுக்கப்பட்டது. அடுத்தடுத்த அலைவரிசைகளுக்கிடையே 200 கிலோஹெர்ட்ஸ் இடைவெளி விடப்பட்டதால் 70 அலைவரிசைகள் கிடைத்தன. 118.1, 118.3, 118.5 என அவை ஒற்றைப்படையில் சென்றன. ஆபத்துக்கால அழைப்புக்கு உலகெங்கும் உரிய 121.5 அவ்வரிசையில் வந்ததே. 1958இல் இடைவெளி பாதியாகக் குறைக்கப்பட்டு அலைவரிசைகள் 140 ஆயின. 1964இல் 50 கிலோஹெர்ட்ஸ் இடைவெளியில் 360, 1972இல் 25 கிலோஹெர்ட்ஸ் இடைவெளியில் 720 என்று பெருகி, எல்லை 137 மெகாஹெர்ட்ஸ் வரை விரிந்த பின் 1990இல் 760 ஆயின. வானம் நெருக்குண்ட ஐரோப்பாவில் 1999 முதல் ஒவ்வோர் இடைவெளியும் மேலும் மூன்றாகப் பகுக்கப்பட்டது.

இடைவெளி குறையுந்தோறும் எண்ணின் இலக்கங்கள் கூடின. தொடக்கத்தில் புள்ளிக்குப் பின் ஓர் இலக்கம் போதுமாயிருந்தது. 50 கிலோஹெர்ட்ஸ் வந்தபோது இரண்டு வேண்டியதாயிற்று. 25 வந்தபோது மூன்று. எழுநூற்றறுபது படிகங்களை ஒரு விமானம் சுமக்க இயலாது. ஆகவே ஒரே படிகத்தின் அதிர்விலிருந்து வேண்டிய அலைகளையெல்லாம் ஆக்கிக்கொள்ளும் மின்னணுச் சுற்று வழக்குக்கு வந்தது. இன்று விமானியின் முன் இரண்டு சிறு சாளரங்கள் உள்ளன. ஒன்றில் இப்போது பேசும் எண். மற்றதில் அடுத்துப் பேச வேண்டிய எண். பொத்தானை அழுத்தினால் இரண்டும் இடம் மாறும். புதிய எண்ணில் மறுமொழி வராவிட்டால், மீண்டும் அழுத்திப் பழைய நிலையத்தையே அடையலாம். பொருத்திய அலை நழுவுதல் என்ற பேச்சுக்கே இடமில்லை. கருவி தனக்குச் சொன்ன எண்ணைத் தவறாமல் பிடிக்கிறது. அதற்குச் சொல்லப்படும் எண் சரியானதா என்பதே எஞ்சி நின்ற கேள்வி.

ஓர் எண், ஓர் ஒலி

1944இல் சிக்காகோவில் கூடிய நாடுகளின் உடன்படிக்கைப்படி, 1947 ஏப்ரல் 4ஆம் நாள் அனைத்துலக வான் போக்குவரத்து நிறுவனம் பிறந்தது. உடன்படிக்கையின் பத்தாம் இணைப்பு வான்வழிச் செய்தித் தொடர்பைப் பற்றியது. ஆல்ஃபா, பிராவோ, சார்லி என்று தொடங்கும் எழுத்துப் பெயர்கள், மாண்ட்ரியால் பல்கலைக்கழக மொழியியல் பேராசிரியர் வினே முதலியோரின் ஆய்வுக்குப் பின் 1956 மார்ச் முதல் நாள் நடைமுறைக்கு வந்தன. எண்களுக்கும் இவ்வாறே ஒலி வகுக்கப்பட்டது. மூன்று 'ட்ரீ' ஆயிற்று. ஆயிரம் 'டௌசண்ட்' ஆயிற்று. ஆங்கிலத்தின் மெல்லிய பல்லொலி பல மொழியினர் நாவில் வாராது என்பதே காரணம். ஐந்தும் ஒன்பதும் இரைச்சலில் ஒன்றுபோல் ஒலிப்பதால் ஐந்து 'ஃபைஃப்' என்றும், ஒன்பது 'நைனர்' என்றும் திருத்தம் பெற்றன. ஆங்கிலம் பேசுவோர் தம் நாட்டு வழக்கை விட்டுப் பிறர் செவிக்காகத் தம் எண்களின் ஒலியை மாற்றிக்கொண்ட நிகழ்ச்சி இது.

அலைவரிசை எண்ணைத் தனித்தனி இலக்கமாகச் சொல்ல வேண்டும் என்பது அடுத்த விதி. 118.1 என்பதை நூற்றுப் பதினெட்டு என்று சேர்த்துச் சொல்லாமல், 'ஒன், ஒன், எயிட், டெசிமல், ஒன்' என்று பிரித்தே சொல்ல வேண்டும். புள்ளிக்கு அமெரிக்கர் 'பாயிண்ட்' என்பர். அனைத்துலக வழக்கு 'டெசிமல்'. 25 கிலோஹெர்ட்ஸ் காலத்தில் கடைசி இலக்கத்தை விட்டுச் சொல்லும் வழக்கமும் இருந்தது, 118.025 என்பது 118.02 என்றே ஒலித்தது. இடைவெளி மேலும் நுணுகியபோது அது குழப்பத்துக்கு இடம் தரவே, ஆறு இலக்கங்களையும் சொல்ல வேண்டும், கடைசி இரண்டும் பூச்சியமானால் மட்டும் அவற்றை விடலாம் என்று விதி மாறியது.

இலக்கத்தைப் பிரித்துச் சொல்வதன் நன்மை தமிழாசிரியர்களுக்கு எளிதில் விளங்கும். பத்தின் பெருக்கங்கள் தமிழில் ஒன்றையொன்று ஒத்து ஒலிப்பவை. இருபது, எழுபது என்னும் இரண்டும் தொலைவிலிருந்து கேட்பவருக்கு ஒன்றே. இன்னும் நுட்பமானது தொண்ணூறு. அது பத்துகளின் வரிசையில் நிற்பது. ஆனால் அதன் ஈறு நூறு என்றே ஒலிக்கிறது. தொள்ளாயிரம் நூறுகளைச் சேர்ந்தது. அதன் ஈறு ஆயிரம். ஒன்பதோடு பத்தும் நூறும் புணரும் இவ்வியப்பான முறைக்குத் தொல்காப்பியர் குற்றியலுகரப் புணரியலில் விதி வகுத்துள்ளார். முதல் அசை இரைச்சலில் மறைந்தால் தொண்ணூறு என்று சொன்னது நூறு என்று போய்ச் சேரும். 'ஒன்பது, பூச்சியம்' என்று சொன்னால் அந்த இடர் இல்லை. இடமதிப்பு கணக்குக்கு உதவுவது. தனி இலக்கம் செவிக்கு உதவுவது.

ஒரு வழியில் ஒருவரே பேசலாம்

விமானப் பேச்சுக்குரிய உயர் அதிர்வெண் அலை நேர்க்கோட்டில் செல்வது. 35,000 அடி உயரத்தில் பறக்கும் விமானத்தோடு ஏறத்தாழ 400 கிலோமீட்டர் தொலைவு வரை பேசலாம். அதே விமானம் தாழப் பறந்து கோர்பு மலைக்குப் பின்னால் மறைந்தால் பேச்சும் மறையும். இவ்வலையில் இன்றும் கையாளப்படுவது பழைய ஏ. எம். முறையே. பாட்டு ஒலிபரப்புக்கு உகந்த எஃப். எம். முறையில் வலிய குரல் மெலிந்த குரலை முற்றும் விழுங்கிவிடும், ஏ. எம். முறையில் மெலிந்த குரலும் அடியில் கேட்கும். இருவர் ஒருங்கே பேசினால் கீச்சென்ற ஓசை எழும். மோதல் நிகழ்ந்தது என்பதாவது தெரியும்.

தெரிந்தும் பயன்படாமற்போன நாள் 1977 மார்ச் 27. கேனரித் தீவுகளில் டெனரீஃப் விமான நிலையத்தில் மூடுபனி சூழ்ந்திருந்தது. புறப்பட நின்ற கே. எல். எம். விமானத்தைப் பொறுத்திருக்குமாறு கோபுரம் கூறிய அதே நொடியில், தாம் இன்னும் ஓடுபாதையிலேயே இருப்பதாகப் பான் அமெரிக்கன் விமானிகள் அறிவித்தனர். இரு குரலும் ஒரே அலைவரிசையில் மோதின. கே. எல். எம். விமானிகளின் செவியில் விழுந்தது பெரும்பாலும் கீச்சொலியே. இரு விமானங்களும் மோதியதில் 583 பேர் மாண்டனர். அதன் பின்னரே, புறப்பட இசைவு தரும்போதும் அதைத் திரும்பப் பெறும்போதும் அன்றி 'டேக் ஆஃப்' என்ற சொல்லை வேறெங்கும் வழங்கலாகாது என்ற கட்டுப்பாடு வந்தது.

பூச்சோங் குன்று

1989 பிப்ரவரி 19ஆம் நாள் விடியற்காலையில், சிங்கப்பூரிலிருந்து சரக்கு ஏற்றிய பிளையிங் டைகர் நிறுவனத்தின் போயிங் 747 விமானம் சுபாங் நிலையத்தை நெருங்கியது. 2,400 அடிக்கு இறங்குமாறு கட்டுப்பாட்டு அதிகாரி கூறினார். அவர் சொன்ன முறை 'டிசெண்ட், டூ, ஃபோர், ஜீரோ, ஜீரோ' என்பது. ஆங்கிலத்தில் இரண்டு என்னும் எண்ணும், 'அந்த அளவுக்கு' என்று பொருள்படும் இடைச்சொல்லும் ஒரே ஒலியுடையவை. முதல் இலக்கத்தை விமானி இடைச்சொல்லாகக் கொண்டார். 'ஃபோர், ஜீரோ, ஜீரோ' என்று, அதாவது நானூறு என்று, அவர் மறுமொழி தந்தார். அந்த மறுமொழியில் இருந்த பிழை திருத்தப்படவில்லை. நிலம் நெருங்குகிறது என்று விமானத்தின் எச்சரிக்கைக் கருவி ஒலித்தும் இறக்கம் நிற்கவில்லை. பூச்சோங் அருகே 437 அடி உயரத்தில் குன்றின் சரிவில் விமானம் மோதியது. அதில் இருந்த நால்வரும் இறந்தனர்.

இந்நிகழ்ச்சி ஒரு முக்கியமான வேறுபாட்டைக் கற்பிக்கிறது. அலைவரிசைக்கு நன்மை செய்யும் தனி இலக்க முறை உயரத்துக்கு நன்மை செய்யவில்லை. அனைத்துலக விதி உயரத்தை 'டூ டௌசண்ட் ஃபோர் ஹண்ட்ரெட்' என்று ஆயிரமும் நூறும் சேர்த்தே சொல்லச் சொல்கிறது. 'ஆயிரம்' என்ற சொல் இருந்திருந்தால் அந்த 'டூ' எண்ணேயன்றி இடைச்சொல் ஆகியிராது. எண் எதைக் குறிக்கிறதோ அதற்கேற்பச் சொல்லும் முறையும் வேறுபடும் என்பதே இதன் பாடம். தமிழில் நான்காம் வேற்றுமை உருபு பெயருக்குப் பின்னே வருவதால் இதே மயக்கம் நேராது. ஆயினும் மேலே கண்ட தொண்ணூறும் தொள்ளாயிரமும், எந்த மொழியும் மயக்கத்துக்கு முற்றும் நீங்கியதன்று என்பதைக் காட்டும்.

பொது மொழியான ஆங்கிலத்திலும் பயிற்சிக் குறைவு கேடு தரும் என்பதை 1996 நவம்பர் 12ஆம் நாள் அரியானாவின் சர்க்கி தாத்ரியில் சவுதி, கசகஸ்தான் விமானங்கள் மோதி 349 பேர் இறந்த நிகழ்ச்சி வற்புறுத்தியது. கசகஸ்தான் விமானம் தனக்கு வகுத்த உயரத்திலிருந்து கீழிறங்கிவிட்டிருந்தது. அதன் குழுவினரின் ஆங்கில அறிவும் கேள்விக்குள்ளாயிற்று. 2008 மார்ச் முதல், அனைத்துலக வழியில் பறக்கும் விமானிகளும் அவர்களோடு பேசும் அதிகாரிகளும் வானொலி ஆங்கிலத்தில் தேர்ச்சி காட்ட வேண்டும் என்ற விதி நடைமுறைக்கு வந்தது.

திரும்பச் சொல்லாத எண்

2014 மார்ச் 8ஆம் நாள் பின்னிரவு 12.42 மணிக்குக் கோலாலம்பூரிலிருந்து பெய்ஜிங்கிற்குப் புறப்பட்ட எம். எச். 370 விமானத்தின் பேச்சுப் பதிவு உலகம் முழுதும் அறிந்தது. அதில் எண் கைமாறும் இரண்டு இடங்கள் உள்ளன. 12.46 மணிக்கு, கோலாலம்பூர் ராடார் நிலையத்தோடு 132.6 என்னும் அலைவரிசையில் பேசுமாறு கூறப்பட்டது. விமானத்திலிருந்து அந்த எண் அப்படியே திரும்பி வந்தது. 1.19 மணிக்கு, வியட்நாமின் ஹோ சி மின் நிலையத்தோடு 120.9இல் பேசுமாறு கூறப்பட்டது. இம்முறை விமானத்திலிருந்து வந்தது இரவு வாழ்த்தும் விமானத்தின் பெயரும் மட்டுமே. எண் திரும்பி வரவில்லை. அதுவே கடைசிப் பேச்சு. ஹோ சி மின் நிலையத்திற்கு அந்த விமானத்தின் குரல் எட்டவே இல்லை. அங்கிருந்து கோலாலம்பூருக்கு விசாரணை வந்தபோது மணி 1.39.

எண்ணைத் திரும்பச் சொல்லாமை அந்த விமானம் மறைந்ததற்குக் காரணம் என்று எவரும் கூற இயலாது. 239 பேரும் என்ன ஆனார்கள் என்பது 2018இல் வெளிவந்த விசாரணை அறிக்கையாலும் துணியப்படவில்லை. ஆயினும் அலைவரிசை எண் திரும்பச் சொல்லப்படவில்லை என்பதை அவ்வறிக்கை குறிக்கத் தவறவில்லை. அன்றாடம் கேட்கப்படும் ஒரு சிறு மறுமொழி இல்லாதபோது, கேட்டவர் எண்ணைப் பெற்றாரா, பெற்றும் பொருத்தவில்லையா என்பதை அறியும் வழி அடைபட்டுப் போகிறது.

பூச்சோங்கில் திரும்பச் சொன்னது தவறாக வந்தது. அதைக் கேட்டுத் திருத்தவில்லை. 2014இல் திரும்பச் சொல்லவே இல்லை. கேட்டு வாங்கவும் இல்லை. இரண்டிலும் பழுது கருவியில் இல்லை. திரும்பச் சொல்லுதல் என்பது கேட்டவரின் கடமை மட்டுமன்று. சொன்னவர் அதைக் காது கொடுத்துக் கேட்பதும் அதன் பாதி.

வங்கக் கடலைக் கடந்து சென்னைக்கும் கோலாலம்பூருக்கும் பறக்கும் விமானங்கள் கரையிலிருந்து நெடுந்தொலைவு செல்லும்போது இன்று எழுத்துவடிவச் செய்திகளையும் கையாள்கின்றன. அங்கே எண் கண்ணுக்குத் தெரிகிறது. ஆனால் நிலையத்தை நெருங்கி, விநாடிகள் சுருங்கும் இடத்தில் மீண்டும் குரலே ஆட்சி செய்கிறது.

பள்ளிகளில் நடக்கும் சொல்வதெழுதுதல் இதற்கு நெருங்கிய உறவுடையது. ஒரு வேறுபாடு உண்டு. மாணவன் கேட்டதை வாய் திறவாமல் எழுதுகிறான்; பிழை மறுநாள் சிவப்பு மையில் தெரிகிறது. வானத்தில் அந்தத் திருத்தம் அடுத்த மூச்சுக்குள் நடந்தாக வேண்டும். வாரத்தில் ஒருநாள் எண்களை மட்டும் சொல்லி, மாணவர் ஒவ்வோர் இலக்கமாக உரக்கத் திரும்பச் சொல்ல, சொன்னவரே அதைச் சரிபார்க்கும் பயிற்சி வகுப்பறையில் நடக்குமாயின், எண்ணைக் கணக்காக அறிதல் வேறு, ஒலியாக ஒப்படைத்தல் வேறு என்பதை இளம் செவிகள் கற்றுக்கொள்ளும்.